ஐந்தாம் மாடியும் ஒரு நாய்க்குட்டியின் மூத்திரப்பையும்

எங்கள் ஐந்தாம் மாடி வீட்டுக்கு நாய்க்குட்டி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு விசாரித்தவர்களில் பாதிப்பேர் கேட்டது ஒன்றைத்தான்: "எத்தனை நாள்ல பழகும்?" எதற்குப் பழகும் என்று யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. அடுக்குமாடி வீட்டில் நாய் என்றதுமே எல்லோர் மனக்கண்ணிலும் முதலில் வருவது சோபாவும் கம்பளமும்தான்.

நான் பதில் சொல்லாமல் மழுப்பிவிடுவேன். "வீட்டுக்குள்ளே போகாதே, வெளியே போ" என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஆனால் எது வீடு என்று குட்டிக்கு யார் சொன்னது? கூடம், படுக்கையறை, யாரும் புழங்காத விருந்தினர் அறை, பொது நடைபாதை, லிஃப்ட், கீழ்த்தள முகப்பு என்று எல்லாமே வழுவழுப்பான தரையும் கூரையும் உள்ள இடங்கள். இதில் முதல் மூன்று நம்முடையவை, மற்றவை பொதுவானவை என்பது பத்திரத்தில் இருக்கும். குட்டி பத்திரம் படிப்பதில்லை.

அதற்குத் தெரிந்தது ஒன்றுதான். படுக்கிற இடத்தை நனைக்கக் கூடாது. இதை நாம் கற்றுத்தரவில்லை, தாயிடமிருந்தே வருகிறது. பிறந்து முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குக் குட்டியால் தானாக மூத்திரம்கூடப் போக முடியாது. தாய் அடிவயிற்றையும் பின்புறத்தையும் நக்கிவிட்டால்தான் போகும். வந்ததையும் தாயே நக்கிச் சுத்தம் செய்துவிடும். மூன்றாவது வார வாக்கில் கால் ஊன்றி நடக்கத் தொடங்கியதும் குட்டிகள் தாமாகவே படுக்கையைவிட்டு நாலு எட்டு தள்ளிப்போய் இருந்துவிட்டுத் திரும்பும். ஏழெட்டு வாரத்தில் நம் கைக்கு வரும்போது இந்தப் பழக்கம் ஊறியிருக்கும். படுக்கைக்கு அப்பால் இருப்பதெல்லாம் கழிப்பிடம் என்பதும் கூடவே ஊறியிருக்கும்.

அதனால் ஃப்ளாட்டில் நடக்க வேண்டிய வேலையை நான் இப்படித்தான் பார்க்கிறேன். அந்தச் சின்னப் படுக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துக்கொண்டே போய், கடைசியில் முழு வீட்டையும் அதற்குள் கொண்டுவந்துவிட வேண்டும். அடக்கி வைத்துக்கொள்வது தனிக் கதை. அது உடம்பு வளர வளரத் தானாக வரும், அதில் நம் சாமர்த்தியத்துக்கு அதிக வேலை இல்லை.

இன்னொன்றையும் குட்டி கொண்டுவருகிறது: காலுக்கடியில் இருந்த தரையின் நினைவு. எட்டு ஒன்பது வாரத்தில் எந்தப் பரப்பின்மேல் போய்ப் பழகியதோ, அதையே பிறகும் கால் தேடும். செய்தித்தாள் விரித்து வளர்த்த குட்டி, தரையில் கிடக்கும் எந்தத் தாளையும் விடாது. புல்லில் வளர்ந்தது புல்லைத் தேடும். சிமெண்டுத் தரையில் வளர்ந்தது சிமெண்டைத் தேடும். வேறு வழியே இல்லாமல் கம்பிக்கூண்டுக்குள்ளேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வளர்ந்த குட்டிகள்தான் மிகவும் பாவம். படுக்கையை நனைக்கக் கூடாது என்ற அந்த ஒரே பிடிமானமும் அவற்றுக்கு அழிந்துபோயிருக்கும். குட்டி எடுக்கப்போகிறவர்கள் கண், காது, வம்சாவளி எல்லாம் விசாரிக்கிறார்கள். அது இதுவரை எதன்மேல் போய்ப் பழகியது என்று ஒரு வார்த்தை கேட்டால், அடுத்த இரண்டு மாதத்துக்கு அதைவிட உபயோகமான தகவல் கிடையாது. எங்கள் குட்டி மிளகு வந்த இடத்தில் மண் தரை இருந்தது. கறுப்பாக, உருண்டையாக இருந்ததால் மகள் வைத்த பெயர் அது.

தனி வீட்டுக்காரர்களுக்காக எழுதப்பட்ட ஆலோசனை ஃப்ளாட்டுக்கு வரும்போது இடறுவது தூரத்தில்தான். "குட்டி வட்டமடித்து முகர ஆரம்பித்தால் உடனே வெளியே கொண்டுபோங்கள்" என்கிறார்கள். தனி வீட்டில் வெளியே என்பது ஒரு கதவு. எங்களுக்கு அது வீட்டுக் கதவு, நடைபாதை, லிஃப்டுக்குக் காத்திருப்பு, இடையில் மூன்றாம் மாடியில் ஏறுகிறவர், முகப்புக் கதவு, அப்புறம்தான் மண். எட்டு வாரக் குட்டிக்கு 'வருகிறது' என்பதற்கும் 'வந்துவிட்டது' என்பதற்கும் நடுவில் இருப்பது சில நொடிகள். அதன் பிடிப்புத் தசைகள் இன்னும் முழுதாக அதன் வசம் வரவில்லை. பெரும்பாலான குட்டிகளுக்கு நாலு முதல் ஆறு மாதத்துக்குள்தான் நம்பும்படியான கட்டுப்பாடு வருகிறது. சின்ன இனங்களுக்கு மூத்திரப்பையும் சின்னது என்பதால் இன்னும் தாமதமாகலாம்.

தூரத்தைச் சமாளிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, தூக்கிக்கொண்டு போவது. கையில் இருக்கும்போது குட்டிகள் பெரும்பாலும் போவதில்லை. கீழே விட்ட மறுகணம் போய்விடும். ஆகவே லிஃப்டில் கீழே விடவே கூடாது. ஏறும்போது கை வலிக்கிறதே என்று ஒருமுறை இறக்கிவிட்டால், அங்கே போட்டிருக்கும் கால்மிதி அதற்கு நல்ல கழிப்பிடமாகப் படும். மிருதுவாக, ஈரம் உறிஞ்சுகிறதாக, ஏற்கனவே பல செருப்புகளின் வாசனையோடு இருக்கும். அது லிஃப்டில் பதிந்துவிட்டால் பிறகு கதவு திறக்கும்போதெல்லாம் நினைவு வரும். அண்டை வீட்டாருக்கும் வரும். எந்நேரமும் கழுத்துப்பட்டியையும் கயிற்றையும் வாசலிலேயே மாட்டி வைத்திருப்பது, வீட்டுச் சாவியை அதே கொக்கியில் தொங்கவிடுவது, இரவில் செருப்பு எங்கே என்று தேடாமல் இருப்பது எல்லாம் சின்ன விஷயங்கள்தான். ஆனால் இங்கே ஆட்டமே நொடிக்கணக்கில்தான்.

பெரிய சிக்கல் தூரம்கூட இல்லை, தடுப்பூசி. அடுக்குமாடி வளாகத்தில் கீழே இருக்கும் துண்டு மண்ணில் எல்லா நாய்களும் வந்துபோகின்றன. குட்டிகளின் உயிரையே வாங்கக்கூடிய பார்வோ வைரஸ் 1978-ல் உலகம் முழுக்கப் பரவியது. பாதித்த நாயின் மலத்தின் வழியே மண்ணில் கலந்து மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியைக் கொஞ்ச காலம் காக்கும். ஆனால் தடுப்பூசியை வேலை செய்யவிடாமல் தடுப்பதும் அதே சக்திதான். அது எந்த வாரத்தில் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நாலு வார இடைவெளியில், பதினாறு வாரம் அல்லது அதற்குச் சற்றுப் பிறகுவரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். "பதினாறு வாரம் முடியும்வரை மண்ணில் கால் படக்கூடாது" என்று சிலர் சொல்வது இந்தக் கணக்கில்தான்.

ஆனால் குட்டியின் மனம் உலகத்தை ஏற்றுக்கொள்ளத் திறந்திருக்கும் காலம் மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம்வரைதான். அதற்குள் சத்தம், மனிதர்கள், பிற நாய்கள், லிஃப்ட் என்று எதையும் பார்க்காத குட்டி பிற்பாடு எல்லாவற்றுக்கும் பயப்படும். அமெரிக்காவின் விலங்கு நடத்தை கால்நடை மருத்துவர்கள் சங்கம் 2008-ல் வெளியிட்ட அறிக்கையில், முதல் தவணை ஊசி போட்டு ஒரு வாரம் ஆனபின் ஏழெட்டு வாரக் குட்டிகளையும் பயிற்சி வகுப்புக்குக் கொண்டுபோகலாம் என்று சொன்னது இதனால்தான். அதுவும் சுத்தமான, கட்டுப்பாடான இடங்களுக்கு. பல நாய்கள் இருந்துவிட்டுப் போகும் மண்துண்டு அந்தக் கணக்கில் வராது. எங்கள் டாக்டரும் நடுவழி சொன்னார்: உலகத்தைக் கையில் வைத்துக்கொண்டு காட்டுங்கள், கழிப்பிடத்தை மட்டும் கொஞ்ச நாள் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மேலேயே என்றால் எங்கே? இங்கேதான் பேட் வருகிறது. உறிஞ்சும் துணி மாதிரி விரிக்கிறார்களே, அது. பேட் வேண்டுமா வேண்டாமா என்று நாய் வளர்ப்பவர்கள் கட்சி கட்டிச் சண்டை போடுவார்கள். என் கட்சி, பேட் கூடாது என்பது. முழுநேரமும் வேலைக்குப் போகிறவர்களுக்கும், கீழே இறங்க முடியாத வயதானவர்களுக்கும், அதற்கு மாற்று இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். அவர்களுக்கு அது முழுமையான தீர்வாகவே இருக்கலாம், நாய் வாழ்நாள் முழுக்கப் பேடிலேயே போனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பிறகு வெளியே பழக்கப் போகிறோம் என்றால், பேட் கற்றுத்தருவது 'மெத்தென்ற துணி கழிப்பிடம்' என்பதை. கால்மிதி, குளியலறை விரிப்பு, கம்பளம், நாற்காலியிலிருந்து விழுந்த துண்டு எல்லாம் மெத்தென்ற துணிதான். இன்று பேடைத் தேடிய கால் நாளை மகளின் யோகா விரிப்பைத் தேடும்.

நாங்கள் பால்கனியில் ஒரு அகலத் தட்டில் மண் போட்டு, நிஜப் புல்தரையை வைத்தோம். விளிம்பு உயரமாக இருக்க வேண்டும், கீழே இன்னொரு தட்டு வேண்டும், இல்லாவிட்டால் நாலாம் மாடிக்காரரின் காயும் துணிமேல் சொட்டும், பிறகு நாயைவிட நாம்தான் பழக்கப்பட வேண்டியிருக்கும். செயற்கைப் புல்லும் உண்டு. கழுவுவது சுலபம், ஆனால் வெயிலில் நாற்றம் அடைகாக்கும். நிஜப் புல் சில வாரங்களில் மஞ்சளடித்துச் சாகும், மாற்ற வேண்டும். எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்றுதான்: மேலே கால் உணர்ந்ததும் கீழே போனால் கால் உணரப்போவதும் ஒன்றாக இருக்க வேண்டும். தடுப்பூசி முடிந்து கீழே இறக்கியபோது மிளகு புல்லில் கால் வைத்ததும் போனான். இடம்தான் புதிது, தரை பழையது. முதல் சில நாட்கள் மேலிருந்த தட்டிலிருந்து ஈரம்பட்ட மண் கொஞ்சம் எடுத்துப்போய்க் கீழே ஒரு மூலையில் போட்டேன். முகப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

இனி நேரம். வயதை மாதத்தில் எண்ணி, ஒன்று கூட்டினால் அத்தனை மணி நேரம் தாங்கும் என்று ஒரு சூத்திரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டு மாதக் குட்டி மூன்று மணி நேரம். இது பகலுக்கான உச்சவரம்பு, அதுவும் சும்மா படுத்திருக்கும் குட்டிக்கு. விழித்து ஓடியாடும் குட்டிக்கு அரைமணி, முக்கால்மணிகூட நீளம். கடிகாரத்தைவிட நம்பத் தகுந்தவை சில தருணங்கள்: தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், தண்ணீர் குடித்துக் கொஞ்ச நேரத்தில், விளையாட்டின் நடுவில். சாப்பாடு வயிற்றுக்குள் போனதும் பெருங்குடல் அசையத் தொடங்குவது உடம்பின் அனிச்சை. ஐந்து நிமிடம் முதல் அரைமணிக்குள் இரண்டுக்கு வந்துவிடும். இதனால்தான் தட்டில் எந்நேரமும் தீனி வைத்துவிட்டுப் போவதைவிட, வேளை பார்த்து வைத்துக் கால்மணியில் எடுத்துவிடுவது நல்லது. உள்ளே போகும் நேரம் தெரிந்தால் வெளியே வரும் நேரம் தெரியும். தண்ணீரை மட்டும் பகலில் ஒளிக்கக் கூடாது. படுக்கப்போகுமுன் ஓரிரு மணி நேரம் எடுத்து வைக்கலாம், அவ்வளவுதான்.

இவற்றில் எல்லோரும் கோட்டைவிடுவது விளையாட்டின் நடுவில்தான். பந்தைத் துரத்திக்கொண்டிருந்த குட்டி சட்டென்று பந்தை விட்டுவிட்டு, தரையை முகர்ந்துகொண்டு, எதையோ மறந்தவன்போல் அறையின் ஓரத்துக்கு நடந்தால், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். "இப்பத்தானே போயிட்டு வந்தான்" என்பது விவாதத்துக்கு நல்ல வாதம், தரைக்கு உதவாது.

இரவு நினைத்ததைவிடச் சுலபம். தூக்கத்தில் உடம்பு மூத்திரத்தைச் செறிவாக்கி அளவைக் குறைத்துவிடுகிறது, அசைவும் இல்லை. பகலில் ஒரு மணி நேரம் தாங்காத குட்டி இரவில் நாலைந்து மணி நேரம் தாங்குவது இதனால்தான். நடுவில் ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து கொண்டுபோனோம். அது அழுது எழுப்பும்முன் நாமே எழுப்புவது நல்லது. அழுதால் ஆள் வரும் என்பதையும் அது சீக்கிரம் கற்றுக்கொள்ளும். விளக்கைப் போடாமல், கொஞ்சாமல், வேலையை முடித்துத் திரும்பவும் படுக்க வைக்க வேண்டும். அதிகாலை இரண்டரைக்கு விளையாட்டுண்டு என்று ஒரு குட்டிக்குத் தெரிந்துவிட்டால் அந்த வீட்டில் யாரும் தூங்கப்போவதில்லை.

படுக்கையை விரிப்பது என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். கூண்டு என்றதும் சிறை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எழுந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க முடிகிற அளவு, கதவு திறந்தே கிடக்கிற நேரம் அதிகம் என்றால் அது குகைதான். அதைவிடப் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் தூங்கி இன்னொரு மூலையில் இருந்துவிடும். பெரிதாக வளரும் இனமென்றால் நடுவில் தடுப்பு வைத்து, வளர வளர நகர்த்திக்கொள்ளலாம். மணிக்கணக்கில் பூட்டிவைத்தால் குட்டிக்கு அதற்குள்ளேயே போவதைத் தவிர வழியில்லை. அப்படிப் போக நேர்ந்தால், தாய் கொடுத்தனுப்பிய ஒரே பாடத்தையும் நாமே அழித்தவர்களாவோம்.

கூண்டிலிருந்து அடுத்தது, அதைச் சுற்றி வேலி கட்டிய ஒரு சின்ன இடம். அப்புறம் கூடத்தில் நாங்கள் எல்லோரும் இருக்கும் பகுதி. அங்கேயே அவனுக்குச் சாப்பாடு, விளையாட்டு, தூக்கம் எல்லாம். ஓர் இடத்தில் தின்று, புரண்டு, தூங்கிவிட்டால் அந்த இடம் படுக்கையின் கணக்கில் சேர்ந்துவிடும். இதனால்தான் பழகிய நாய்கள்கூட விருந்தினர் அறையிலோ கட்டிலுக்கு அந்தப் பக்கமோ போய் இருந்துவிட்டு வருகின்றன. மனிதர்கள் அதை வஞ்சம் என்கிறார்கள். யாரும் புழங்காத அறை அதன் கணக்கில் வீட்டுக்கு வெளியே இருக்கிறது, அவ்வளவுதான். திருட்டுத்தனம் என்று நினைக்காமல், அந்த அறையில் இரண்டு வேளை சாப்பாடு வைத்துப் பாருங்கள்.

அறைக் கதவுகளைச் சாத்தி வைத்தோம். வேலி தாண்டி வெளியே இருக்கும் நேரமெல்லாம் லேசான கயிறு ஒன்றை அவன் கழுத்திலும் மறுமுனையை யாராவது ஒருவர் இடுப்பிலும் கட்டிக்கொண்டோம். மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாலும் கயிறு இழுபட்டால் தெரியும். என் கணவர் இதை முதலில் கேலி செய்தார், பிறகு அவர்தான் அதிகம் கட்டிக்கொண்டார், காணொளிக் கூட்டத்திலிருந்து நடுவில் எழுந்துபோக அதைவிட நியாயமான காரணம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஓர் அறையில் தொடர்ந்து சில நாட்கள் ஒன்றும் நடக்காவிட்டால் அடுத்த கதவைத் திறப்போம். அங்கே நனைத்தால் கதவை மூடிவிட்டுப் பழைய எல்லைக்குத் திரும்புவோம். ஃப்ளாட்டின் ஒரு சௌகரியம் இது. எண்ணினால் நாலைந்து கதவுகள்தான்.

எத்தனை கண்ணாக இருந்தாலும் நடக்கும். அப்போது என்ன செய்வது என்பதில் எதிர்வீட்டுப் பெரியவருக்குச் சந்தேகமே இல்லை: "ஏம்மா, மூக்கைப் புடிச்சு அதுல தேய்ச்சு ரெண்டு தட்டு தட்டு. அப்புறம் ஜென்மத்துக்கும் போகாது." அவர் வளர்த்த நாய்கள் அப்படித்தான் பழகினவாம். பழகியிருக்கும். ஆனால் எதைப் பழகின என்பதுதான் விஷயம். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் போனதற்கும் இப்போது விழும் அடிக்கும் குட்டியின் தலையில் முடிச்சு விழாது. போய்க்கொண்டிருக்கும்போதே கத்தினால் முடிச்சு விழும். ஆனால் 'கம்பளத்தில் போகக் கூடாது' என்று விழாது, 'இவள் பார்க்கப் போகக் கூடாது' என்று விழும். அப்புறம் சோபாவுக்குப் பின்னால் போகும். அதைவிடக் கொடுமை, கீழே கூட்டிக்கொண்டு போனால் கயிற்றின் மறுமுனையில் நாம் நிற்கிறோமே என்று அடக்கிக்கொண்டு நின்று, மேலே வந்து நாம் கண் அசந்ததும் போகும். தனி வீட்டில் கயிற்றை அவிழ்த்துத் தோட்டத்தில் விட்டுவிடலாம். நமக்கு அந்த வசதி இல்லை. நம் நாய் நம் கண்ணெதிரே போகக் கூச்சப்படாமல் இருப்பது ஃப்ளாட்டில் அத்தியாவசியம்.

"தப்பு பண்ணினது அதுக்கே தெரியுதே, முகத்தைப் பாருங்க" என்பார்கள். காதை மடக்கி, கண்ணைத் தாழ்த்தி, வாலைச் சுருட்டும் அந்த முகம். அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-ல் இதைச் சோதித்துப் பார்த்தார். நாய் தப்புச் செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பே இல்லை. உரிமையாளர் திட்டினால் அந்த முகம் வந்தது. ஒரு தப்பும் செய்யாத நாயைத் திட்டியபோது இன்னும் அதிகமாக வந்தது. மிளகின் அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், என் முகம் அப்போது எப்படி இருந்தது என்றுதான் யோசிக்கிறேன்.

கையும் களவுமாகப் பார்த்தால் கையை லேசாகத் தட்டி, கவனத்தைக் கலைத்து, அள்ளிக்கொண்டு புல்லுக்கு ஓடலாம். மிச்சத்தை அங்கே முடித்தால் பாராட்டலாம். பிறகு பார்த்தால் செய்ய வேண்டியது துடைப்பது மட்டுமே. அதிலும் விஷயம் உண்டு. மூத்திரத்திலிருக்கும் யூரியா சிதைந்து அம்மோனியா வாடை வருகிறது. நம் மூக்குக்குப் போய்விட்ட வாடை அதன் மூக்குக்குப் போயிருக்காது, அந்த இடம் மறுபடி கூப்பிடும். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவத்தால் துடைத்தால் பழைய வாடைக்கு மேல் புது வாடை பூசியதாகும். பிளீச்சை மூத்திரத்தின்மேல் நேராகக் கொட்டினால் குளோரமைன் என்ற நச்சுப்புகை கிளம்பும். ஜன்னல் சாத்திய சின்னக் குளியலறையில் அது விளையாட்டல்ல. முதலில் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, பிறகு நொதி (என்சைம்) கலந்த திரவத்தை ஊற்றி, புட்டியில் எழுதியிருக்கும் நேரம்வரை ஊறவிட வேண்டும். ஊற்றியதும் துடைத்துவிடுவதால்தான் பலருக்கு அது 'வேலை செய்வதில்லை'. விளக்கை அணைத்துவிட்டு ஒரு புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தால் பழைய கறைகள் ஒளிரும். திடமனசு உள்ளவர்கள் மட்டும் செய்யவும்.

வெளியே போனபின் செய்ய வேண்டியது ரொம்பக் குறைவு, அதனால்தான் கடினம். ஒரே மூலையில் சுவாரசியமில்லாத ஆளாக நிற்க வேண்டும். பேசக் கூடாது, நடக்கக் கூடாது, போனை எடுத்தாலும் ஒரு கண் நாய்மேல் இருக்க வேண்டும். போகத் தொடங்கும்போது ஒரு சொல்லை மெல்லச் சொல்லிவந்தால், நாளடைவில் அந்தச் சொல்லைக் கேட்டாலே போகும். என்ன சொல் என்பதில் வீட்டில் பெரிய தகராறு. மகள் வைத்த சொல்லை முகப்பில் பத்துப்பேர் நடுவில் சொல்ல நான் மறுத்தேன். கடைசியில் "சீக்கிரம்" என்று முடிவானது. இப்போது பள்ளிக்குக் கிளம்பும் மகளை அந்த வார்த்தை சொல்லி விரட்ட முடியவில்லை.

முடித்த ஓரிரு நொடிக்குள் அங்கேயே, அந்தப் புல்லிலேயே பரிசு கொடுக்க வேண்டும். மேலே வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால் லிஃப்டில் ஏறியதற்கான பரிசாகவே அது பதியும். முடித்ததும் உடனே திரும்பிவிடவும் கூடாது. போனவுடன் உலாவல் முடிந்துவிடுகிறது என்று தெரிந்துகொண்ட குட்டி, எவ்வளவு இழுத்தடிக்க முடியுமோ அவ்வளவு இழுத்தடிக்கும். முதலில் வேலை, அப்புறம் உலாவல் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

காத்து நிற்கும்போது நேரம் போக ஒரு விஷயம். 2013-ல் செக் நாட்டு, ஜெர்மன் ஆய்வாளர்கள் 70 நாய்களை இரண்டு வருடம் பின்தொடர்ந்து, புவியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும்போது நாய்கள் வடக்கு தெற்காக நின்று இரண்டுக்குப் போவதை விரும்புகின்றன என்று எழுதினார்கள். அடுத்த வருடம் சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் இக் நோபல் பரிசு அதற்குக் கிடைத்தது. மிளகு எந்தத் திசையைப் பார்க்கிறான் என்று திசைகாட்டியோடு நானும் சில காலைகள் நின்றேன். அவன் பெரும்பாலும் குப்பைத்தொட்டி இருக்கும் திசையைப் பார்க்கிறான்.

பழக்கத்தோடு சேர்க்கக் கூடாதவை இரண்டு. விருந்தாளி உள்ளே வந்ததும், அல்லது நாம் குனிந்து தலையைத் தடவியதும் சில சொட்டு விடுவது, குட்டி தன் பணிவையோ பரவசத்தையோ காட்டும் விதம். அதைக் கண்டித்தால் இன்னும் பணிவு காட்டும், இன்னும் சொட்டும். கண்டுகொள்ளாமல் உள்ளே வந்து, பக்கவாட்டில் உட்கார்ந்து, அதுவாக வரவிட்டால் பெரும்பாலும் வளரும்போது போய்விடும். இன்னொன்று நோய். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போவது, முக்குவது, ரத்தம் தெரிவது, தூங்கும்போது கசிவது, நன்றாகப் பழகியது திடீரென்று எங்கும் போவது, இதில் எது இருந்தாலும் பயிற்சியை விட்டுவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். மூத்திரப்பாதைத் தொற்று பெண் குட்டிகளுக்குச் சகஜம். சில பெண் குட்டிகளுக்குச் சிறுநீரகக் குழாயே பிறவியில் இடம்மாறி இணைந்திருக்கும். அவற்றை எந்தப் பரிசும் எந்தத் திட்டும் பழக்காது.

ஆறு மாதத்துக்கு மேல் ஒரு சறுக்கல் வரும். மிளகு காலைத் தூக்க ஆரம்பித்தான். மூத்திரப்பை நிரம்பிப் போவது வேறு, இங்கே நான் இருக்கிறேன் என்று சுவர் மூலையில் கொஞ்சம் எழுதிவிட்டுப் போவது வேறு. அதற்கும் பழைய மருந்துதான்: கதவுகளைச் சாத்தி, கயிற்றை மறுபடி இடுப்பில் கட்டி, எல்லையைச் சுருக்கினோம். கருத்தடை பல நாய்களிடம் இதைக் குறைக்கும், எப்போது செய்வது என்பது இனத்தையும் உடல் அளவையும் பொறுத்தது.

சென்ற விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போனோம். அதுவும் அடுக்குமாடிதான். "பழகின நாய்தானேடி?" என்றாள் போனில். "எங்க வீட்டுல" என்றேன். அவள் வீட்டில் அவன் ஒரு வேளை தின்றதில்லை, ஒரு மதியம் தூங்கியதில்லை. அந்த ஃப்ளாட் முழுவதும் அவனுக்கு வெளியேதான். முதலில் கீழேயே புல் தேடி நிறுத்தி, போகவிட்டு, தூக்கிக்கொண்டு மேலே ஏறினேன். கூடத்தில் அவனுடைய பழைய விரிப்பைப் போட்டு, கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா அதற்குள் படுக்கையறைக் கம்பளத்தைச் சுருட்டிப் பரண்மேல் ஏற்றியிருந்தாள். "எதுக்கும் இருக்கட்டும்" என்றாள். நானும் இறக்கச் சொல்லவில்லை.